ஒரே காலுக்கு இரண்டு வேலை

2024 ஜூலை 1 இரவு, தென்கொரியாவின் தலைநகர் சியோலில், நகர மன்றத்தை ஒட்டிய சாலையில் ஒரு கார் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் பாய்ந்து, நடைபாதையில் நின்றவர்கள் மேல் ஏறியது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஓட்டியவருக்கு 68 வயது. கற்றுக்குட்டி அல்ல, பேருந்து ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்றார். போலீஸார் அவருடைய வலது கால் ஷூவைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அடிப்பாகத்தில் ஒரு பெடலின் வரிகள் பதிந்திருந்தன. அவை ஆக்ஸிலரேட்டர் பெடலின் வரிகள். காரில் இருந்த பதிவுக் கருவியும் அதையே சொன்னது. வழக்கு நடந்தது, சிறைத் தண்டனை கிடைத்தது. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இப்படிப்பட்ட விபத்துக்கு ஒரு வாக்கியம் தயாராகவே இருக்கிறது: ‘பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார்.’ பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தோடு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் தவறு என்பது என் கட்சி. போ என்பதையும் நில் என்பதையும் அக்கம்பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே காலிடம் ஒப்படைத்தது யார் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

முதலில், கால் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்கலாம். வீட்டு ஸ்விட்ச் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி ஆறு ஸ்விட்ச் வரிசையாக இருக்கும். எது ஃபேன், எது லைட் என்பது பல வருடப் பழக்கம். கண் பார்க்காமலே கை போகும். ஆயிரத்தில் ஒரு தடவை ஃபேனைப் போடப் போன கை லைட்டைப் போட்டுவிடும். ஃபேனைத்தான் போட வேண்டும் என்பதில் மூளைக்குக் குழப்பமே இல்லை. கட்டளை சரி, அதை நிறைவேற்றிய கைதான் ஓர் அங்குலம் தள்ளிப்போய்விட்டது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1989-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கார் பெடலுக்கும் ஏறக்குறைய இதே விளக்கத்தைத்தான் தந்தார். வித்தியாசம் பின்விளைவில் இருக்கிறது. தவறான லைட் எரிந்தால் உடனே தெரிந்துவிடும். காரில் அப்படியில்லை. ‘நான் மிதித்தது பிரேக்’ என்பது மூளையின் கணக்கு. வண்டி நிற்காமல் பாய்ந்தால், அந்தக் கணக்கின்படி பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே பொருள்? ஆகவே இன்னும் அழுத்தி மிதிக்கிறார். இன்னும் வேகமாகப் பாய்கிறது. பதற்றத்தில் காலை எடுத்து மாற்றி வைக்க வேண்டும் என்ற யோசனையே எழுவதில்லை; சில வினாடிகள் இப்படியே போய்விடும். ‘பிரேக்கைத்தான் மிதித்தேன்’ என்று சத்தியம் செய்பவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. அவர்கள் அறிந்த வரை அதுதான் நடந்தது.

இந்தப் பிரச்சினையை உலகம் முதன்முதலில் பெரிய அளவில் விவாதித்தது ஆடி 5000 என்ற காரை வைத்து. 1986 நவம்பரில் அமெரிக்காவின் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி, கியரைப் போட்டதும் இந்தக் கார் தானாகப் பாய்கிறது என்று குற்றம்சாட்டியது. பெடல் தானாகக் கீழே இறங்குவதைப் படம்பிடித்தும் காட்டினார்கள். கியர்பெட்டியில் துளை போட்டு, வெளியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்துத்தான் அதை இறங்க வைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் விற்பனை சரிந்துவிட்டது. 1985-ல் அமெரிக்காவில் சுமார் 74,000 கார் விற்ற நிறுவனம், 1991-ல் சுமார் 12,000-க்கு இறங்கியது. 1989-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வறிக்கை வந்தது. ஓட்டுநர்கள் பெடலை மாறி மிதித்ததுதான் காரணம் என்றது அது. கார் நிறுவனத்தின் ஆதரவாளர்கள் இன்றுவரை இந்த ஒரு வரியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே அறிக்கை சொன்ன வேறு இரண்டு விஷயங்களை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அந்தக் காரில் எஞ்ஜினின் ஓய்வு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி சில சமயம் பழுதாகி, வண்டியை லேசாகத் துள்ள வைத்தது. அந்தத் துள்ளலில் திடுக்கிட்டவர்கள் அவசரமாகக் காலை வைத்திருக்கலாம். இரண்டாவது, அதன் பெடல்கள் இருந்த இடமும் உயரமும் அமெரிக்கர்கள் பழகிய உள்நாட்டுக் கார்களைப் போல இல்லை. மிதித்தது கால்தான். ஆனால் காலைத் திடுக்கிட வைத்ததும், திடுக்கிட்ட கால் தவறான இடத்தில் விழ ஏதுவாக இருந்ததும் வண்டிதான்.

ஆடி நிறுவனம் செய்த பரிகாரம் எளிமையானது. பிரேக்கை மிதித்தால் ஒழிய பார்க் நிலையிலிருந்து கியர் நகராது என்று ஒரு பூட்டுப் போட்டார்கள். புகார்கள் குறைந்தன. மெல்ல எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. 2010 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் அது கட்டாயமானது. ஓட்டுநர்கள் யாரும் புதிதாகத் திருந்தவில்லை. அவர்களுடைய பிழைக்கு ஒரு வாசல் அடைக்கப்பட்டது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. ஆனால் அந்தப் பூட்டு, வண்டி கிளம்பும் அந்த ஒரு கணத்துக்குத்தான் காவல். கியர் விழுந்து வண்டி நகர்ந்த பிறகு, பார்க்கிங்கில் முன்னும் பின்னுமாக ஒடிக்கும்போது, அதற்கு வேலை இல்லை.

கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்ற வரிசை வானத்திலிருந்து இறங்கி வந்ததல்ல. ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி காரில் காலுக்கு மூன்று பெடல் உண்டு, ஆனால் அவற்றில் ஆக்ஸிலரேட்டர் கிடையாது. அது ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் நகர்த்தும் ஒரு நெம்புகோல். இன்றைய வரிசை 1916-ல் ஒரு கேடிலாக் காரில் வந்து, 1922-ல் அறிமுகமான ஆஸ்டின் செவன் போன்ற மலிவான கார்களின் வழியே பரவியது. ஆக்ஸிலரேட்டரை நடுவில் வைத்த கார்களும் வெகுகாலம் ஓடின. 1957-ல் பந்தய வீரர் ஃபாஞ்சியோ உலகப் பட்டம் வென்ற மசராட்டி 250எஃப் அப்படிப்பட்டதுதான். வரிசை ஒருவழியாக நிலைத்துவிட்டது. ஆனால் இரண்டு பெடலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எது எவ்வளவு உயரம், இருக்கையின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறுகிறது. நம்முடையது போல ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் காரில் முன்சக்கரத்துக்கான குழிவு ஆக்ஸிலரேட்டர் பக்கமாக உள்ளே புடைத்து நிற்கும். சின்ன வண்டியானால் அது பெடல்களை இடப்பக்கம் தள்ளும். உடம்பு நேராகவும் கால் கோணலாகவும் உட்கார வேண்டிவரும். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் முன்சக்கரத்தையே சுமார் 5 செ.மீ. முன்னால் நகர்த்தி, வலது கால் இயல்பாக நீளும் இடத்தில் பெடலை வைத்தது. ஆக்ஸிலரேட்டரையும் மேலிருந்து தொங்கவிடாமல், ஆர்மோனியப் பெட்டியின் மிதிகட்டை போலத் தரையில் கீல் வைத்துப் பொருத்தியது. குதிகால் ஒரே இடத்தில் ஊன்றி நிற்கட்டும் என்பதற்காக. நிலம் சிறியதாக இருந்தாலும் வாசலைச் சரியான இடத்தில் வைக்கலாம். அதற்குக் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

அப்படியானால் இரண்டு பெடலையும் தூரத் தூர வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இடைவெளியும் உயர வித்தியாசமும் கூடினால் கால் இடம் மாற நேரம் பிடிக்கும். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதித்தாலும் இரண்டு மீட்டர் கூடுதலாகப் போய்விடும். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்த இரண்டு மீட்டர்தான் உயிர். நெடுஞ்சாலைக்கு நெருக்கமான பெடல் நல்லது, பார்க்கிங்குக்கு விலகிய பெடல் நல்லது. பெடலின் இடத்தை மட்டும் மாற்றி இதை முழுதாகத் தீர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜப்பானின் குமாமோட்டோ பகுதியைச் சேர்ந்த மசுயுகி நருசே இதற்கு வேறொரு வழி கண்டுபிடித்தார். ஒரே பெடல், கீழே மிதித்தால் எப்போதும் பிரேக், பாதத்தை வலப்பக்கம் சாய்த்துத் தள்ளினால் வேகம். பதற்றத்தில் மனிதன் செய்வது மிதிப்பதைத்தான், ஆகவே அது பிரேக்காகவே இருக்கட்டும் என்பது அவருடைய தர்க்கம். எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. ஆனால் கோடிக்கணக்கான கால்கள் வேறு விதமாகப் பழகிவிட்ட உலகத்தில் இது தேடிப் போய்ப் பொருத்திக்கொள்பவர்களோடு நின்றுவிட்டது.

பழகிய காலை ஏமாற்றினால் என்ன ஆகும் என்பது மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். சென்னையில் தயாரான பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக்குகளில் நேர் எதிர். புல்லட்டிலிருந்து இறங்கி வேறு பைக்கில் ஏறியவர், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பது சகஜம். அமெரிக்கா 1970-களிலேயே கியர் இடப்பக்கம், பிரேக் வலப்பக்கம் என்று சட்டம் போட்டது. பின்னாளில் புல்லட்டும் மாறியது. இரண்டாம் உலகப் போரில் இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்தது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கையின் மடிப்பை உள்ளிழுப்பதாக எண்ணிச் சக்கரத்தை உள்ளிழுத்து, விமானத்தைத் தரையில் தேய்த்தார்கள். விமானியின் பிழை என்றே எழுதிவந்தார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் போய்ப் பார்த்தபோது, இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே வடிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் நுனியில் சக்கர வடிவக் குமிழும் மற்றதில் இறக்கை வடிவக் குமிழும் பொருத்தச் சொன்னார். விமானிகளைத் திட்டித் தீராதது குமிழில் தீர்ந்தது.

‘இதெல்லாம் வயசானவங்க பிரச்சினை, அவங்க லைசென்ஸைப் பிடுங்கினால் போதும்’ என்பது அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. முதியவர்களிடம் இது அதிகம் என்பது உண்மை. டோக்கியோவின் இகெபுகுரோவில் 2019 ஏப்ரலில் 87 வயது முன்னாள் அரசு அதிகாரி ஓட்டிய கார் ஓர் இளம் தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரையே தொடர்ந்து மிதித்தார் என்று நீதிமன்றம் முடிவுசெய்து ஐந்து ஆண்டு சிறை விதித்தது. ஆனால் அமெரிக்க அரசு 2012-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பிழை இரண்டு முனையிலும் தூக்கலாக இருந்தது: 76 வயதைக் கடந்தவர்களிடமும், 16 முதல் 20 வயது வரையிலானவர்களிடமும். ஓட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்றும் அது கண்டது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. சராசரி ஆணின் உயரத்துக்கு அளவெடுத்த இடத்தில், உயரம் குறைந்தவர் இருக்கையை முன்னால் இழுத்து, குதிகாலை ஊன்ற முடியாமல் நுனிக்காலால் மிதிப்பதை ஒரு தடவை கவனித்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் கனமானது. கோளாறு எலெக்ட்ரானிக்ஸில் இருக்கிறது, காலின் மேல் பழி போட்டு நிறுவனங்கள் தப்பிக்கின்றன என்கிறார்கள். டொயோட்டாவின் கதை இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் செய்கிறது. 2009-ல் அந்த நிறுவனத்தின் கார்களில் தரைவிரிப்பு ஆக்ஸிலரேட்டரைச் சிக்கவைத்து உயிர்களைப் பறித்தது. வேறு சில கார்களில் பெடலே ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-ல் அது 120 கோடி டாலர் கட்டியது. மென்பொருளில் குறை என்று ஓக்லஹோமா நடுவர் குழு ஒன்று 2013-ல் தீர்ப்பும் சொன்னது. ஆனால் நாசா பொறியாளர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தும் தானாகப் பாய வைக்கும் மின்னணுக் கோளாறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. விபத்துக்குள்ளான 58 கார்களின் பதிவுக் கருவியைத் திறந்து பார்த்ததில், பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிரேக் மிதிக்கப்படவே இல்லை. நிறுவனம் ஒரு விஷயத்தில் குற்றவாளி என்பதால் எல்லா விபத்தும் அதன் கணக்கில் சேராது. சியோல் சம்பவத்துக்குப் பிறகு கொரியர்கள் பெடலைப் படம்பிடிக்கும் கேமராவை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டத் தொடங்கினார்கள். வழக்குக்கு அது உதவும், வண்டியை நிறுத்தாது.

நமக்கு இதில் என்ன அக்கறை என்றால், நம் கால்களுக்கு இப்போதுதான் கண்டம் வந்திருக்கிறது. கிளட்ச் உள்ள காரில் ஓர் இயற்கைக் காவல் உண்டு. பதறியவர் இரண்டு காலையும் சேர்த்து அழுத்துவார். வலது கால் தவறினாலும் இடது கால் கிளட்சைப் பிடித்துவிடும். எஞ்ஜின் அலறும், சக்கரத்துக்கு விசை போகாது. 2014-ல் செலேரியோ காரில் ஏஎம்டி என்ற தானியங்கிக் கியர் வந்த பிறகு, கிளட்ச் இல்லாத கார் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டிவிட்டது. சுகமான வண்டிதான். ஆனால் அந்தக் காவலும் போய்விட்டது. மின்சாரக் காரில் அலறலும் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே முழு விசையும் கிடைக்கும். இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகிக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கிளட்சை ஓங்கி மிதித்தே பழகிய இடது கால், பிரேக்கையும் ஓங்கித்தான் மிதிக்கும். வீட்டில் ஒரு கிளட்ச் காரும் ஒரு ஆட்டோமேட்டிக்கும் இருந்தால் இன்னும் மோசம்.

ஜப்பான் எடுத்த முடிவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காலைத் திருத்த முடியாது, வண்டியைத் திருத்துவோம் என்பது அது. முன்னால் சுவரோ வேறு காரோ இருக்கும்போது நின்ற நிலையிலிருந்து ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால், சென்ஸார் அதைக் கண்டு எஞ்ஜினை அடக்கிவிடும். 2024 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் இதற்கென ஒரு விதியே சேர்க்கப்பட்டது. நிற்கும் காரின் எதிரே 1 மீட்டரிலும் 1.5 மீட்டரிலும் தடை வைத்து, பெடலை முழுதாக அழுத்திச் சோதிக்கிறார்கள். ஜப்பானில் 2028 செப்டம்பரிலிருந்து புதிய ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இது கட்டாயம். கருவியை நம்பி ஓட்டுநர் அசட்டையாகிவிடுவார் என்ற பயம் சிலருக்கு. ஆக்ஸிலரேட்டரை மாறி மிதிக்கலாம் என்று யாரும் திட்டம்போட்டு மிதிப்பதில்லையே! தெரியாமல் செய்யும் பிழையில் அசட்டைக்கு இடமில்லை.

அடுத்த கார் பார்க்க ஷோரூமுக்குப் போகிறவர்கள், சன்ரூஃப் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதற்கு முன் கொஞ்சம் குனிந்து பெடலைப் பாருங்கள். இருக்கையைச் சரிசெய்து உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது காலை நேராக நீட்டுங்கள். அது பிரேக்கில் விழுகிறதா, ஆக்ஸிலரேட்டரில் விழுகிறதா என்று பாருங்கள். வீட்டில் அந்தக் காரை ஓட்டப் போகிற எல்லோரையும், முக்கியமாக உயரம் குறைந்தவரை, அதே போல உட்கார வைத்துப் பாருங்கள். பிறகு விற்பனையாளரிடம் கேளுங்கள்: எதிரே சுவர் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டால் இந்த வண்டி என்ன செய்யும்?