தாகம் தாங்கும் காட்டு பக்வீட்

ஆகஸ்ட் மாதத்துத் தெற்குக் கலிஃபோர்னியாவில் மழை என்ற பேச்சே இருக்காது. வசந்தத்தில் பச்சைப் பசேலென்று கிடந்த குன்றுகளில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகியிருக்கும். காலை வைத்தால் புழுதி கிளம்பும். அந்தச் சரிவுகளில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு புதர், வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கொத்துகளைச் சுமந்துகொண்டு நிற்கும். தேனீக்கள் மொய்க்கும். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை, உரம் போட்டதில்லை. கலிஃபோர்னியா பக்வீட் என்று அதற்குப் பெயர். தாவரவியலில் எரியோகோனம் ஃபாஸிகுலேட்டம்.

பக்வீட் என்றதும் வட இந்தியர்கள் விரத நாட்களில் உண்ணும் குட்டு மாவு சிலருக்கு நினைவுக்கு வரலாம். அது ஆசியாவில் பயிராகும் வேறொரு செடி. இரண்டுக்கும் குடும்ப உறவு மட்டும் உண்டு. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சுக்கான் கீரையும் அந்தக் குடும்பம்தான். எரியோகோனம் இனத்தில் ஏறத்தாழ 250 வகைகள் இருக்கின்றன. அத்தனைக்கும் தாயகம் வட அமெரிக்கா. உப்புக்காற்று அடிக்கும் கடலோரப் பாறை, பாலைவனம், பனி மூடும் மலையுச்சி என்று அந்தந்த இடத்துக்கு ஒரு வகை உண்டு.

இந்தக் காட்டுச் செடி வீட்டு வாசலுக்கு வந்ததில் வறட்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2015 ஏப்ரலில், நான்காவது ஆண்டாக வறட்சி நீடித்தபோது, கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க உத்தரவிட்டார். 5 கோடி சதுர அடிப் புல்வெளியை அகற்றிவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்தது. புல்லைப் பெயர்த்தவர்களுக்குத் தண்ணீர் வாரியங்கள் மானியம் கொடுத்தன. பெயர்த்த இடத்தில் என்ன நடுவது என்று தேடியவர்கள் பலருக்கு, ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளிலேயே விடை இருந்தது.

இலையில் இருக்கும் சூட்சுமம்

இந்தப் புதரின் கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது வெயிலைத் தாங்கும் விதம் புரியும். இலைகள் ஊசிபோல மெலிந்தவை, அரை அங்குலத்தைச் சற்றே தொடும் நீளம். கொத்துக் கொத்தாகத் தண்டை ஒட்டி நிற்கும். தொட்டால் தோல்போல் தடிப்பாக இருக்கும். இலையின் இரு ஓரங்களும் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை ரோமம். அந்தச் சுருளும் ரோமமும் இலையின் துளைகளை அனல்காற்று நேரடியாகத் தாக்காதபடி காக்கின்றன; ஆவியாகும் நீர் குறைகிறது. வறட்சி மிகவும் முற்றினால் செடி சில இலைகளை உதிர்த்துவிட்டு, எஞ்சியவற்றை வைத்து நாளை ஓட்டும். மண்ணுக்கடியில் வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓடுகிறது. சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்க இதை நடுவது அதனால்தான்.

பூ ஒவ்வொன்றும் மிகச் சிறியது. சுமார் 3 மில்லிமீட்டர். ஆறு இதழ்கள், ஒன்பது மகரந்தத் தாள்கள். நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரு கொத்தாகும். மே மாதத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை பூக்கும். மலர்ந்த பூ உதிர்வதில்லை. வெண்மை இளஞ்சிவப்பாகி, பிறகு துரு நிறமாக மாறிச் செடியிலேயே காய்ந்து நிற்கும். உள்ளே முக்கோண வடிவில் ஒரு விதை. சிட்டு இனப் பறவைகளுக்கும் காடைகளுக்கும் அதுதான் இரை. மற்ற காட்டுப் பூக்கள் ஓய்ந்துபோன கோடையில் தேன் தரும் செடி என்பதால் கலிஃபோர்னியாவின் தேனீ வளர்ப்பாளர்கள் இதைப் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். கவீயா பழங்குடியினர் இதன் இலையைக் கஷாயமாக்கித் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் குடித்தார்கள்.

நடவு: மழைக்கு முன்னே, வெயிலில், மேட்டில்

கலிஃபோர்னியாவில் மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. கோடை முழுவதும் வறட்சி. அதனால் நடவுக்கு ஏற்ற காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது நட்டால் குளிர்கால மழை வேரை வளர்த்துக் கொடுத்துவிடும். கோடை வரும்போது செடி தயாராக இருக்கும். மே மாதத்தில் பூத்த செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி நடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வேர் இறங்குவதற்குள் வெயில் முந்திக்கொள்கிறது.

இடம் முழு வெயிலில் இருக்க வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நெட்டையாக வளர்ந்து சாயும், பூ குறையும். அடுத்தது வடிகால். ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்ல இடம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், ஒன்றரை அடி உயரத்துக்கு மண்மேடு போட்டு அதன்மேல் நடலாம். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பது மேல்.

குழிக்குள் எருவோ உரமோ வேண்டவே வேண்டாம். ஏழை மண்ணில் வாழப் பழகிய செடி இது. தழைச்சத்து கூடினால் கொழுகொழுவென்று வளர்ந்து, கிளை ஒடிந்து, சீக்கிரம் மூப்படைந்துவிடும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூட வேண்டும். தூர் மண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி நடுவது நல்லது. மூடாக்காகச் சரளைக்கல் பரப்பலாம். அதையும் தூரை ஒட்டிக் குவிக்கக் கூடாது. செடிக்குச் செடி நான்கைந்து அடி இடைவெளி தேவை. நட்ட முதல் ஆண்டில் அந்த இடைவெளி வெறிச்சென்றுதான் இருக்கும். மூன்றாவது ஆண்டில் புதர்கள் ஒன்றையொன்று தொடும்.

தண்ணீர்: எப்போது நிறுத்துவது?

காட்டு பக்வீட்டை வளர்ப்பதில் கடினமான பாடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. நட்ட அன்று நன்றாக ஊறும்படி தண்ணீர் விட வேண்டும். முதல் குளிர்காலத்தில் மழை பொய்த்தால் மட்டும் ஊற்றலாம். முதல் கோடையில் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, ஆழமாக இறங்கும்படி விட வேண்டும். தினம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாவது கோடையிலிருந்து மாதம் ஒரு முறை போதும். கடலோரத்தில் அதுவும் தேவைப்படாது.

கோடையில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? சூடான மண்ணும் ஈரமும் சேர்ந்தால் ஃபைட்டாப்தோரா என்ற நோய்க்கிருமி பெருகி வேரை அழுகச் செய்யும். வேர் அழுகிய செடியும் இலை வாடித்தான் நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். செடி அதோடு முடிந்துவிடும். இலை வாடியிருந்தால் முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் குழாயைத் தொடக் கூடாது. புல்வெளிக்குத் தண்ணீர் அடிக்கும் தெளிப்பானின் எல்லைக்குள் இந்தச் செடியை வைப்பதும் கூடாது.

கவாத்து செய்வதிலும் இதே நிதானம் வேண்டும். இலையுதிர் காலத்தின் கடைசியில், பறவைகள் விதையைத் தின்று முடித்த பிறகு, காய்ந்த கொத்துகளையும் நுனிக்கிளைகளையும் லேசாகக் கத்தரிக்கலாம். அடியில் உள்ள முற்றிய கட்டைவரை வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. சிறு வயதிலிருந்தே ஆண்டுதோறும் நுனி கிள்ளிவந்தால் புதர் அடர்த்தியாக நிற்கும். பல ஆண்டுகள் கழித்து நடுப்பகுதி வெறுமையாகிக் கிளைகள் பிளந்துகொண்டால், அதைக் காப்பாற்றப் போராடாமல் பக்கத்தில் தானாக முளைத்த கன்று ஒன்றை வளரவிடலாம்.

கன்றுகளுக்குப் பஞ்சமிருக்காது. துரு நிறக் கொத்துகளை இலையுதிர் காலத்தில் பறித்து உள்ளங்கையில் கசக்கினால் விதை உதிரும். பல பூக்களில் விதை பொக்காக இருக்கும் என்பதால் தாராளமாகத் தூவ வேண்டும். மண்ணின்மேல் தூவி, மிக மெல்லியதாக மணல் போட்டு மூடினால் போதும். கலிஃபோர்னியா பக்வீட் விதைக்கு முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை. மஞ்சள் பூப் பூக்கும் எரியோகோனம் அம்பெல்லேட்டம் போன்ற மலை வகைகள் வேறு. அவற்றின் விதைக்குக் குளிர் பட வேண்டும். ஈர மணலில் கலந்து இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதைப்பது வழக்கம்.

நல்ல செடி, தவறிய இடம்

இனி, இந்தச் செடியை நடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் மேற்கே, ஓடுபாதைக்கும் கடலுக்கும் நடுவில், பழைய மணல்மேடுகள் இருக்கின்றன. எல் செகுண்டோ நீலம் என்ற சிறிய வண்ணத்துப்பூச்சியின் வீடு அது. சிறகை விரித்தால் ஒரு அங்குலம்தான். 1976இல் அமெரிக்க அரசு அதை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்தது. அந்தப் பூச்சியின் வாழ்க்கை முழுவதும் கடற்பாறை பக்வீட் என்ற எரியோகோனம் பார்விஃபோலியத்தில்தான் நடக்கிறது. பூவில் தேன் குடிக்கும், பூவிலேயே முட்டையிடும்; புழு பூவையும் விதையையும் தின்னும். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். பிறகு செடியின் அடியில் மணலுக்குள் கூட்டுப்புழுவாகி அடுத்த கோடைவரை காத்திருக்கும்.

1970களின் நடுவில் அந்த மேட்டில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக விதைக் கலவை ஒன்றைத் தூவினார்கள். அதில் கலிஃபோர்னியா பக்வீட் இருந்தது. அதே மாநிலத்துச் செடி, அதே இனம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அது கடற்பாறை பக்வீட்டுக்கு முன்னதாகவே பூத்தது. அந்தப் பூவைத் தின்று வேறு அந்துப்பூச்சிகள் பெருகின. கடற்பாறை பக்வீட் பூக்கும் நேரத்தில் அவற்றின் புழுக்கள் அங்கே போய், நீலப்பூச்சியின் புழுக்களுக்குப் போட்டியாக நின்றன. நீலப்பூச்சியின் எண்ணிக்கை சில நூறாகச் சரிந்தது.

பூச்சியியலாளர் ரூடி மட்டோனி போன்றவர்களின் முயற்சியில் 1980களின் பிற்பகுதியில் மீட்புப் பணி தொடங்கியது. தவறி வந்த பக்வீட்டைப் பிடுங்கினார்கள். அதே மணல்மேட்டின் விதையிலிருந்து வளர்த்த கடற்பாறை பக்வீட்டை நட்டார்கள். பூச்சிகள் மெல்ல மெல்லப் பல்லாயிரமாகப் பெருகின. தெற்கே ரெடோண்டோ கடற்கரையின் மேட்டில் தன்னார்வலர்கள் இதே செடியை நட்டபோது, சில ஆண்டுகளில் நீலப்பூச்சி தானாகவே அங்கே வந்து சேர்ந்தது.

“இது நாட்டுச் செடிதானா?” என்று கேட்பது மட்டும் போதாது என்பதை இந்த மணல்மேடு காட்டிக்கொடுத்தது. எந்த ஊரின் நாட்டுச் செடி என்றும் கேட்க வேண்டும். வரம்பு மீறிப் பரவாத, ஊருக்குரிய வகையை நட்டுவிட்டால், பிறகு பராமரிப்பு சுலபம். கோடையில் காய்ந்த பூவைக் கத்தரிக்காமல், அடியில் விழுந்த சருகைப் பெருக்காமல் விடுவதே பூச்சிகளுக்குச் செய்யும் உதவி.

இந்த இனத்தில் நூலிழையில் தொங்கும் வகைகளும் உண்டு. டியாப்லோ மலையின் பக்வீட்டை 1936க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே முடிவுகட்டியிருந்தார்கள். 2005இல் அது மறுபடி கண்ணில் பட்டது. நெவாடாவின் டீம் பக்வீட் உலகிலேயே சுமார் 10 ஏக்கர் நிலத்தில் மட்டும் வளர்கிறது. அந்த நிலத்தில் லித்தியம் இருக்கிறது. 2022 டிசம்பரில் அச்செடி அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அங்கே சுரங்கத்துக்கு அனுமதியும் கிடைத்தது.

எதை வாங்குவது?

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட், இர்வைன் என்று பல ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தோடு வாழ்கின்றன. அவர்களுக்கு இந்தத் தகவல் நேரடியாகப் பயன்படும். தெற்கே உள்நாட்டுச் சரிவுகளுக்குக் கலிஃபோர்னியா பக்வீட் பொருத்தம். இடம் குறைவென்றால் தரையோடு படரும் தியோடர் பெய்ன், வாரினர் லைட்டில் ஆகிய தேர்வு ரகங்கள் கிடைக்கும். வடக்கே கடலோரத்துக்கு எரியோகோனம் லாட்டிஃபோலியம். குளிர் கடுமையான மலைப்பகுதிக்கு மஞ்சள் பூ அம்பெல்லேட்டம். ஆளுயரத்துக்கு மேல் விரியும் புனித கேத்தரின் சரிகை என்ற வகை சாண்டா கேட்டலினா உள்ளிட்ட சில கடலோரத் தீவுகளுக்கு உரியது. அது மற்ற பக்வீட்டுகளோடு கலந்து கலப்பினம் உண்டாக்கும் என்பதால் காட்டை ஒட்டிய வீடுகளில் தவிர்ப்பது நல்லது.

1960இல் தொடங்கிய தியோடர் பெய்ன் அறக்கட்டளை லாஸ் ஏஞ்சலஸின் சன் வேலியில் நாட்டுச் செடிகளுக்கென்றே நர்சரி நடத்துகிறது. 1965இல் உருவான கலிஃபோர்னியா நாட்டுத் தாவரச் சங்கத்தின் கிளைகள் மாநிலமெங்கும் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் செடி விற்பனையும் நடத்துகின்றன. அங்கே போய் உங்கள் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே இயற்கையாக வளரும் பக்வீட் எது என்று கேளுங்கள். பெரிய தொட்டியில் பூத்துக் குலுங்கும் செடியை விட்டுவிட்டு, சிறிய தொட்டியில் உள்ள இளங்கன்றை எடுங்கள். அதுதான் சீக்கிரம் வேர் பிடிக்கும். அக்டோபரில் நட்டுவிட்டு, இரண்டு கோடைகள் பொறுத்திருங்கள்.