பேட்டரி மீது பழி போடாதீங்க!

குட்டீஸ்... ஓடிக்கொண்டிருக்கும் காரில், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு திடீரென எரிந்தால், 'பேட்டரி போச்சு' என்று தான் பலரும் சொல்வர். ஆனால், குற்றவாளி வேறு யாராகவும் இருக்கலாம்!

காரை ஸ்டார்ட் செய்ய உதவுவது பேட்டரி. இன்ஜின் ஓடத் துவங்கியதும், மின்சாரம் தயாரித்து, விளக்குகளுக்கும் கொடுத்து, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். இன்ஜின் சுழலும்போது, ஒரு ரப்பர் பெல்ட் இதையும் சுழற்றும்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம், 1989ல் அறிமுகம் செய்த எம்.எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரில், முன்னும் பின்னும் எடை சமமாக இருக்க, பேட்டரியை டிக்கியில் வைத்தனர். ஆல்டர்னேட்டரோ முன்னால், இன்ஜினில்!

இந்தக் காரில் கோளாறு வந்தால், எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், பெல்ட் தளர்ந்தோ, அறுந்தோ இருக்கிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். பின், மீட்டரால் அளப்பார். இன்ஜின் ஓடாதபோது, நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி, 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது, 14 வோல்ட் அளவுக்கு உயர வேண்டும்.

உயரவில்லையா? அடுத்து, ஆல்டர்னேட்டரிலேயே அளப்பார். அங்கே 14 வோல்ட் இருந்து, டிக்கியில் 12 தான் என்றால், நடுவில் உள்ள ஒயர் அல்லது ப்யூசில் கோளாறு. பெல்ட் சரியாக இருந்தும், அங்கேயும் 12 தான் என்றால், ஆல்டர்னேட்டரில் பழுது.

அளக்காமல் புது பேட்டரி போட்டால், அதில் உள்ள சார்ஜ் தீர்ந்ததும், கார் மறுபடியும் நடுவழியில் நின்று விடும். பணமும் வீண்!

காரில் போகும்போது அந்த விளக்கு எரிந்தால், ஓட்டுபவரிடம் உடனே சொல்லுங்க. ஆனால், ஓடும் இன்ஜின் பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க, சரியா?