எந்த ஊசி? எப்போது?

மலேசியாவில் 2021 பெப்ரவரி 24ஆம் நாள் கோவிட் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் பிற ஊர்களிலும், ‘நலிந்த உடல் ஊசியைத் தாங்குமா?’ என்று தயங்கிய புற்றுநோயாளர் உண்டு.

அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. தட்டம்மைத் தடுப்பூசியில் வலிமை குன்றிய உயிருள்ள கிருமி உண்டு. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் கீமோதெரபி நடக்குங்கால் அது தவிர்க்கத்தக்கது. ஆயின், அத்திட்டத்தில் இடம்பெற்ற பைசர், சினோவேக் ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. அவை கோவிட் நோயை உண்டாக்கமாட்டா. நலிந்த உடலில் காப்பு சற்றுக் குறைவாகவே உருவாகலாம். அதனாலேயே கூடுதல் ஊசி பரிந்துரைக்கப்பெற்றது.

நலிந்த உடலுக்கே நோய் கொடிது. காப்பும் அதற்கே மிகுதியாக வேண்டும். ஆதலின் ‘ஊசியே வேண்டா’ என்று ஒதுங்குதலினும், ‘எந்த ஊசி? எப்போது?’ என்று மருத்துவரை வினவுதலே அறிவுடைமை.