ஃபிராம்: பனியோடு மிதந்த கப்பல்

நீங்கள் பார்ப்பது 1892-இல் நார்வேயில் கட்டப்பட்ட ஃபிராம் கப்பல். அதன் அடிப்பகுதி உருண்டையாக இருப்பதைக் கவனியுங்கள். பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலே எழும்புவதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள்.

1893 செப்டம்பரில் நார்வே ஆய்வுப்பயணி ஃபிரித்யோஃப் நான்சென் இதைச் சைபீரியாவுக்கு வடக்கே கடற்பனியில் வேண்டுமென்றே உறையவிட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பனியோடு நகர்ந்த கப்பல், 1896 ஆகஸ்டில் ஸ்வால்பார்டு அருகே விடுபட்டது. அப்பயணத்தில் நான்சென் குறித்துவைத்த ஒன்று அருமையானது: பனி, காற்று வீசும் திசையில் நேராகப் போகாமல், 20 முதல் 40 பாகை வலப்பக்கம் விலகிச் சென்றது. புவியின் சுழற்சியே காரணம் என்பதை ஸ்வீடன் அறிஞர் எக்மன் பின்னர் கணிதத்தால் விளக்கினார். இன்றைய கடலியலின் அடித்தளங்களுள் இதுவும் ஒன்று.

அன்று ஃபிராமைச் சுமந்த தடித்த, பல ஆண்டு வயதுடைய பனி இன்று பெரிதும் குறைந்துவிட்டது. மெல்லிய பனி எளிதில் உடையும். காற்றுக்கு எளிதில் இழுபடும். 2006-இல் தாரா என்ற பாய்மரக் கப்பல் இதேபோல் உறைந்து, ஃபிராம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் சென்ற ஏறக்குறைய அதே பாதையைச் சுமார் 500 நாளில் கடந்தது.

பனி விலகிய கடல் இலையுதிர்காலத்தில் வெப்பத்தை வளிமண்டலத்துக்கு விடுகிறது. அதனால் அங்கே காற்று இன்னும் வலுக்கக்கூடும் என்று காலநிலை மாதிரிகள் காட்டுகின்றன. காற்று வலுத்தால் திறந்த நீரில் அலை உயரும். உயர்ந்த அலை எஞ்சிய பனியையும் உடைக்கும். 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் கண்காணிப்பு தொடங்கிய 1979 முதல் பதிவான மிகக் குறைந்த அளவு அது.