கல்லும் சொல்லும்

நுழையும்முன்

ஒரு நாடு தன் கடந்தகாலத்தை நூல்களில் எழுதுகிறது; தூண்களிலும் சிலைகளிலும் கல்லறைகளிலும் கூட எழுதி வைக்கிறது. அவற்றைக் கூர்ந்து நோக்கினால், நடந்தது என்ன என்பதோடு, அதனை நினைவில் வைக்க விரும்பியவர் யார் என்பதும் விளங்கும். அவ்வாறு இரு தரப்பு நினைவுகளைத் தாங்கி நிற்கும் ஊர் வேலூர்.

இருமொழி வட்டாரம்

திருப்பதி மாவட்டத்தில் ஆரணியாற்றை ஒட்டி அமைந்துள்ள பிச்சாட்டூரில் தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்றன. இன்று மாநில எல்லை இவ்வூருக்கு அருகே செல்கிறது. ஆங்கிலேயர் காலத்திலோ இவ்வட்டாரம் முழுவதும் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. சித்தூரும் வேலூரும் 1911 வரை வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. கும்பினியின் சென்னைப் படையும் இம்மண்ணைப் போலவே பலமொழி கலந்தது. தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் ஒரே அணியில் நின்றனர்.

1806 ஜூலை 10

1805ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படைத் தலைமை உடை பற்றிய புதிய விதிகளை வகுத்தது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடலாகாது. தாடி வைத்தல் கூடாது. மீசையை விதிப்படி திருத்த வேண்டும். புதுவகைத் தலைப்பாகை அணிதல் வேண்டும். அத்தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலாலான அணியும் இருந்தது. தம் சமயத்தை விட்டு நீக்கும் முயற்சி இது எனச் சிப்பாய்கள் அஞ்சினர். 1806 மே மாதத்தில் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். அவர்களுள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர்.

அக்காலத்தில் திப்பு சுல்தானின் மைந்தரும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டையைக் கைப்பற்றி, மைசூர்க் கொடியை ஏற்றினர். படை அதிகாரிகள் 14 பேரும், ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 115 வீரர்களும் கொல்லப்பட்டனர். செய்தி ஆர்க்காட்டை எட்டியது. அங்கிருந்து கில்லெஸ்பி என்னும் தளபதி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். அரண்மனைக்குள் புகலடைந்திருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 100 பேர் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். அன்று மாண்ட சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் என்பர்; அதனினும் மிகுதி என்போரும் உளர்.

இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஒரு தரப்பின் இறப்பு ஓர் உயிரும் விடாமல் எண்ணப்பட்டது. மறு தரப்பின் இறப்போ ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. கணக்கு எழுதும் எழுதுகோல் வென்றவர் கையில் இருந்ததே அதற்குக் காரணம்.

எழுச்சி ஒரே நாளில் அடக்கப்பட்டபோதும் அது வீண்போகவில்லை. உடை பற்றிய விதிகள் திரும்பப் பெறப்பட்டன. சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் ஜான் கிரடாக்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

ஒரு நிகழ்ச்சி, இரு நினைவுகள்

அன்று உயிரிழந்த ஆங்கிலேயர்களுக்கு வேலூர்க் கோட்டைக்கு அருகிலுள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. கில்லெஸ்பிக்கு இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயத்தில் சிலை உள்ளது. அவர் பிறந்த கோம்பர் என்னும் வட அயர்லாந்து ஊரில் உயர்ந்த தூணும் உள்ளது. சிப்பாய்களுக்கு அந்நாளில் ஒரு கல்லும் நடப்படவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் நினைவின் திசை மாறியது. வேலூர் மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்காக நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் நாள் அங்கே மலர்வளையம் வைத்து வணக்கம் செலுத்தப்படுகிறது. எழுச்சியின் 200ஆம் ஆண்டான 2006இல் இந்திய அஞ்சல்துறை சிறப்பு அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது.

கல்லைப் போலவே சொல்லும் மாறியது. ஆங்கிலேயர் இந்நிகழ்ச்சியைக் கலகம் என்று எழுதினர். கலகம் என்னும் சொல் ஒழுங்கைக் குலைத்தவர்களைக் குற்றம் சாட்டுகிறது. இன்றைய தமிழ்நூல்கள் இதனை ‘வேலூர்ப் புரட்சி’ என்கின்றன. புரட்சி என்னும் சொல் அநீதியை எதிர்த்து எழுந்தவர்களைப் போற்றுகிறது. நிகழ்ச்சி ஒன்றே, அதை எந்தப் பக்கத்தில் நின்று காண்கிறோம் என்பதைச் சொல் காட்டிக்கொடுக்கிறது.

அகற்றப்பட்ட சிலையும் நிலைத்த சிலையும்

1857ஆம் ஆண்டு எழுச்சியை அடக்க ஜேம்ஸ் நீல் என்னும் ஆங்கிலேயத் தளபதி சென்னையிலிருந்து வடக்கே சென்றார். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த கொடுமைகள் பெரிது. லக்னோவில் உயிரிழந்த அவருக்குச் சென்னை மவுண்ட் சாலையில் சிலை நிறுவப்பட்டது. அதனை அகற்றக் கோரி 1927இல் அறப்போராட்டம் எழுந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் உள்ளிட்ட பலர் சிறை சென்றனர். 1937இல் இராஜாஜி தலைமையிலான அரசு பொறுப்பேற்றபின் சிலை சாலையிலிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. சாலையில் நிற்கும் சிலை வணக்கத்தைக் கோருகிறது. அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலையோ வரலாற்றுச் சான்றாகிறது.

அதே சென்னையில், ஆளுநராய் இருந்த தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை இன்றும் தீவுத்திடலை அடுத்து நிற்கிறது. குடிகளின் நிலையறிந்து வரிமுறையைச் சீர்செய்தவர் என்று இராயலசீமை மக்கள் அவரைப் போற்றினர். திருமலைக் கோயிலில் அவர் பெயரால் ‘மன்றோ கங்காளம்’ எனப்படும் பாத்திரமும் உண்டு. அவரும் அயலாட்சியின் அதிகாரியே. எனினும், ஆண்டவர் அனைவரையும் மக்கள் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை; அவரவர் செயலைக் கொண்டே நினைவில் நிறுத்தினர்.

நினைவின் கடமை

பகைவரின் கல்லறையை இடித்துவிட்டு நம்மவர் தூணை மட்டும் காத்தால், வரலாற்றின் ஒரு பக்கம் கிழிந்துபோகும். வேலூரில் சிப்பாய்களின் தூணும் நிற்கிறது. ஐரோப்பியர் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. இரண்டையும் ஒருசேரக் காண்பவர்க்கே 1806ஆம் ஆண்டின் அந்தக் காலைப்பொழுது முழுமையாகப் புலப்படும். அன்று சுவரோரம் நிறுத்தப்பட்டோரில் பெரும்பாலோரின் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை. பெயர் மறைந்த அவர்களை நினைவுகூர்வதற்காகவே அத்தூண் நிற்கிறது.

சொல்லும் பொருளும்

கும்பினி – கிழக்கிந்தியக் கம்பெனி
மைந்தர் – ஆண்மக்கள்
புகலடைதல் – பாதுகாப்புத் தேடி ஒதுங்குதல்
அறப்போராட்டம் – வன்முறையற்ற போராட்டம்
கங்காளம் – வாயகன்ற பெரிய பாத்திரம்

பயிற்சி

1. புதிய உடை விதிகளைச் சிப்பாய்கள் எதிர்த்தது ஏன்?
2. ‘கலகம்’, ‘புரட்சி’ ஆகிய சொற்களின் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. நீல் சிலை அகற்றப்பட்டது. மன்றோ சிலை அகற்றப்படவில்லை. காரணம் கூறுக.
4. உங்கள் ஊரில் உள்ள ஒரு சிலை, நினைவுத்தூண் அல்லது தெருப்பெயரைத் தேர்ந்தெடுக்க. அது யாரை நினைவூட்டுகிறது, யாரால் அமைக்கப்பட்டது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.