ஒருவருக்கு அமிர்தமாகும் பீர் மற்றவருக்கு வேம்பாவது ஏன்?

பொஹீமியாவின் பில்சன் நகரில் 1842-ஆம் ஆண்டில் யோசப் குரோல் முதன்முதலில் தயாரித்த பொன்னிறப் பீரின் வழிவந்த பில்ஸ்னரை, ஒரே மேஜையில் அமர்ந்த இரு நண்பர்கள் பருகும்போது, ஒருவர் முகம் மலர, மற்றவர் முகம் சுளித்துக் கோதுமைப் பீரை நாடுவது என்ன காரணத்தால்?

ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கதிரிலுள்ள பிசின், முளைகட்டிய பார்லியின் சாற்றோடு கொதிக்கையில் உருமாறித் தருவதே பில்ஸ்னரின் கசப்பு. கோதுமைப் பீரில் ஹாப்ஸ் சொற்பம்.

உங்கள் நாவில் கசப்பை அறியவென்றே ஏறத்தாழ 25 வகைப் பூட்டுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கசப்புப் பொருள் சாவியாய்ப் பொருந்தினால்தான் மூளைக்குச் செய்தி போகும். பூட்டின் அமைப்போ பரம்பரையாய் வருவது, ஆளுக்கு ஆள் சற்றே பேதப்படுவது.

1931-இல் அமெரிக்க ரசாயன நிபுணர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தபோது, உடனிருந்தவர் கசக்கிறதென்று முறையிட, அதற்கு வெகு சமீபத்தில் நின்ற ஃபாக்ஸுக்கோ ருசியே தெரியவில்லை! அது ஹாப்ஸ் அன்று; ஆயினும் நாவுக்கு நா பேதமுண்டு என்பதை உலகுக்குக் காட்டிய அந்தத் தற்செயல் எத்தனை அழகியது!

பிறவி மட்டுமா? சிறுவயதில் பாகற்காயைத் துப்பிய நீங்களே இன்று அதன் வறுவலைக் கேட்டு வாங்கி உண்கிறீர்கள் அல்லவா? விஷத்தின் அடையாளமென்று கசப்பை அஞ்சிய மூளை, தீங்கில்லையெனப் பலமுறை கண்டபின் அதனோடு மெல்ல உறவு கொள்கிறது.