கோடாலிக்குத் தப்புமா செம்மரம்?

நவராத்திரி கொலுவில் முதலில் எடுத்து வைக்கப்படும் பொம்மை மரப்பாச்சி. ராஜா, ராணி என்று ஜோடியாக இருக்கும். நிறம் கருஞ்சிவப்பு. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும்.

அந்தப் பொம்மையைச் செய்யும் மரம்தான் செம்மரம். செஞ்சந்தனம் என்றும் சொல்வார்கள்.

பெயரில்தான் சந்தனம். சந்தன மரத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது. சந்தனக் கட்டை கமகமவென்று மணக்கும். செம்மரக் கட்டைக்கு அந்த மணம் இல்லை. அப்படியானால் செம்மரத்தின் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? அவரை, துவரை, புளி, வேங்கை!

ஆம். அவரைக் குடும்பத்தில் பிறந்த காட்டு மரம் இது. ஒரு காம்பில் மூன்று மூன்றாக இலைகள். கோடையில் மஞ்சள் பூ. மரத்தின் பட்டை, முதலையின் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்.

காய்தான் வேடிக்கை. அவரைக்காய் போல நீளமாக இராது. சின்ன அப்பளம் போல வட்டமாக, தட்டையாக இருக்கும். நடுவில் ஒன்று அல்லது இரண்டு விதை. சுற்றிலும் மெல்லிய இறக்கை. காற்று அடித்தால் காய் பறக்கும்.

பறந்து எவ்வளவு தூரம் போய்விட்டது? அதிக தூரம் போகவில்லை.

ஒரே சொந்த ஊர்

இந்த உலகத்தில் செம்மரம் தானாக முளைத்துக் காடாக நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை ஆகிய ஆந்திர மலைகள். பழைய மாவட்டக் கணக்கில் சொன்னால் கடப்பா, சித்தூர், நெல்லூர், கர்னூல், பிரகாசம். அதை அடுத்த தமிழ்நாட்டு எல்லையிலும், கர்நாடக எல்லையிலும் கொஞ்சம் உண்டு. திருப்பதி மலை ஏறுகிறவர்கள் இந்தக் காட்டின் வழியாகத்தான் போகிறார்கள்.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 அடி முதல் 3,000 அடி வரை இது வளரும். வளமான மண் வேண்டும் என்று கேட்காது. பாறை இடுக்கு, சரளை மண், கொளுத்தும் வெயில் இவையே போதும். வேரில் தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது.

ஆனால் வளர்வது ஆமை வேகம். நடுவில் சிவப்பாக வைரம் பாய்வதற்கு 25, 30 ஆண்டுகளாவது ஆகும். காட்டில் தானாக வளரும் மரம் பருத்து நிற்க அதற்கு மேலும் ஆகும். அப்படி வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது. மூழ்கிவிடும்!

சீனத்துக்குப் போகும் கட்டை

சீனாவை ஆண்ட சக்கரவர்த்திகளின் அரண்மனைகளில் செம்மர நாற்காலிகளும் மேஜைகளும் இருந்தன. அந்த மோகம் இன்றும் தீரவில்லை. இந்த மரச் சாமான்களுக்கென்றே பீஜிங் நகரில் 1999ஆம் ஆண்டில் ஒரு பொருட்காட்சி சாலை திறந்தார்கள். ஜப்பானில் மூன்று தந்தி வாத்தியமான 'ஷாமிசென்'னின் கழுத்துப் பகுதிக்கு இந்தக் கட்டை வேண்டும். கட்டையிலிருந்து சிவப்புச் சாயமும் எடுக்கிறார்கள்.

அணு உலையின் கதிர் வீச்சைச் செம்மரம் தடுக்கும், அதனால்தான் இந்த விலை என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. விலைக்குக் காரணம் நாற்காலி மோகம்தான்.

விலை ஏற ஏறக் கள்ளத்தனமும் ஏறியது. இரவில் மரம் வெட்டுவார்கள். பட்டையைச் சீவி எறிந்துவிட்டுச் சிவப்புக் கட்டையை மட்டும் தோளில் தூக்கி வருவார்கள். அங்கிருந்து லாரி, லாரியிலிருந்து கப்பல்.

தோளில் தூக்குகிறவர்கள் யார்? பெரும்பாலோர் தமிழ்நாட்டு ஏழைகள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கத்து மலைவாசிகள். ஊரில் வேலை இல்லாத நாளில் தரகன் வருவான். முன்பணம் கொடுப்பான். பெரும் பணம் கடத்தல் முதலாளிக்கு. ஜெயிலும் குண்டும் கூலிக்காரனுக்கு.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வன அதிகாரிகள் 2 பேர் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி அதே காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரப் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். கற்களாலும் கோடாலிகளாலும் தாக்கியதால் சுட்டோம் என்றார்கள் போலீசார். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்று கதறினார்கள் உறவினர்கள். எது எப்படியானாலும், ஒரே நாளில் 20 வீடுகளில் சம்பாதிக்கும் கை போயிற்று. கட்டையை வாங்கி நாற்காலி செய்கிறவனுக்கு இது தெரிந்திருக்குமா?

மரத்தின் கதி என்ன?

கடத்தல்காரன் பருத்த மரத்தையே தேடுகிறான். பருத்த மரம்தான் நிறையக் காய்க்கும் மரம். அது போனால் விதையும் போயிற்று. விழுகிற விதையிலும் பெரும்பாலானவை முளைப்பதில்லை. முளைத்த கன்றைக் காட்டுத் தீ பொசுக்குகிறது. ஆடு மாடு மேய்கிறது. ஒரு நல்ல குணம்: வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும். ஆனால் அந்தத் துளிர் வைரம் பாய்வதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சிவப்புப் பட்டியலில் சேர்க்கிறது. 1998இல் செம்மரம் அதில் ஏறியது. 2018இல் ஆபத்து கொஞ்சம் குறைந்தது என்று ஒரு படி இறக்கினார்கள். அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. மறு கணக்குப் பார்த்து, 2021இல் திரும்பவும் ஆபத்துப் படியிலேயே வைத்தார்கள். கடந்த மூன்று தலைமுறைகளில் காட்டுச் செம்மரங்கள் 100க்கு 50 முதல் 80 வரை குறைந்துவிட்டன என்பது அந்தக் கணக்கு. தலைமுறை என்றால் மனிதனுடையது அல்ல, மரத்தினுடையது.

அரிய உயிர்களின் வெளிநாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்திலும் 1995 முதல் செம்மரம் இருக்கிறது. காட்டு மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை. பிடிபட்ட கட்டைகளை மட்டும் ஆந்திர சர்க்கார் விசேஷ அனுமதி பெற்று ஏலம் விடுகிறது. சேஷாசலத்தில் 1989இல் தேசியப் பூங்கா அமைந்தது. 2010இல் அந்த மலைப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

வயலில் நடலாமா?

நடலாம். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பல விவசாயிகள் நட்டிருக்கிறார்கள். நட்டு வளர்த்த கட்டையைத் தக்க அனுமதியுடன் ஏற்றுமதி செய்ய 2019இல் மத்திய சர்க்கார் வழி செய்தது. தோட்டத்துக் கட்டை தாராளமாகக் கிடைத்தால் காட்டுக்குப் போகும் கோடாலி குறையும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்று வைத்த கன்று கட்டையாவதற்குள் வைத்தவருடைய மகனுக்கு நரை விழுந்துவிடும்! தவிர, மரம் எந்த ஊரிலும் வளரலாம். கடப்பா மலைக் கட்டையின் வைரம் எல்லா மண்ணிலும் பாய்ந்துவிடாது. சில ஆண்டுகளில் கோடீசுவரராகலாம் என்று கன்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

நட ஆசைப்படுகிறவர்கள் கன்று வாங்கும்போதே ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நட்டதைக் கிராமக் கணக்கில் பதிந்துகொள்வதும் நல்லது. பின்னால் வெட்டுவதற்கும் லாரியில் ஏற்றுவதற்கும் வன இலாகாவின் அனுமதி தேவைப்படும். அப்போது, இது காட்டு மரம் அல்ல, என் வயலில் வளர்ந்த மரம் என்று காட்ட அந்தக் காகிதங்கள்தான் உதவும்.